வாசல் எத்தனை அகலம்?



கடந்த ஆண்டில் மும்பை செம்பூரிலுள்ள எங்கள் வீட்டிற்கு, வினாடிக்கு 1,000 மெகாபிட் வேகமுள்ள பைபர் இணைய இணைப்பைப் பெற்றுக்கொண்டோம். என் மகள் வீட்டிலிருந்தபடியே திருமண வீடியோக்களைத் தொகுத்து அனுப்புகிறவள். ரூட்டரை நாங்களே வாங்க வேண்டியிருந்தபடியால் நான் கடைக்குச் சென்றேன். ஒரு பெட்டியின்மேல் 1200 என்று பெரிதாய் அச்சிட்டிருந்தது, விலையும் குறைவு. ஆயிரத்துக்கு ஆயிரத்திருநூறு தாராளம் என்றெண்ணி, மகிழ்ச்சியோடே வாங்கிவந்தேன்.

ஆனால் வேகமோ ஒருநாளும் 94-ஐத் தாண்டவில்லை. 40 கிகாபைட் வீடியோ போய்ச்சேர ஒரு மணி நேரம் பிடித்தது. ஒரு நாள் குறித்த வேளைக்குள் அனுப்பக்கூடாமற்போய், என் மகள் ஒரு வாடிக்கையாளரை இழந்தாள். இணைப்பைச் சோதிக்க வந்த வாலிபனை, "பணம் வாங்கிக்கொண்டு ஏமாற்றுகிறீர்களே" என்று கடிந்துகொண்டேன். அவன் மறுமொழி பேசாமல், தன் லேப்டாப்பைப் பைபர் பெட்டியோடு நேரே கேபிளால் இணைத்தான், 940 காட்டிற்று. பின்பு ரூட்டரைத் திருப்பிக் காட்டி, "அங்கிள், இதன் வாசலே 100தான்" என்றான். நான் வெட்கிப்போனேன். மகளுக்கு முன்பாகவே அவனிடம் மன்னிப்புக் கேட்டேன்.

பிரியமானவர்களே, நீங்கள் வாங்கும்போது நான்கு காரியங்களை நிதானித்துப் பாருங்கள்.

முதலாவது, இணைய கேபிளைச் செருகும் போர்ட் 'கிகாபிட்' ஆக, அதாவது 10/100/1000 ஆக இருக்கவேண்டும். 10/100 என்றிருந்தால், வெளியே எவ்வளவு வேகம் வந்தாலும் உள்ளே நூறுக்குமேல் நுழையாது.

இரண்டாவது, பெட்டியின்மேலுள்ள எண் ஒரு கூட்டுத்தொகை. என் ரூட்டரின் 1200 என்பது ஏறக்குறைய 2.4 கிகாஹெர்ட்ஸின் 300-ம் 5 கிகாஹெர்ட்ஸின் 867-ம் சேர்ந்ததே. எந்த ஒரு போனுக்கும் அது முழுவதும் கிடைப்பதில்லை.

மூன்றாவது, கேபிள் கேட் 5இ அல்லது அதற்கு மேற்பட்டதாகவும், எட்டுக் கம்பிகளும் இணைக்கப்பட்டதாகவும் இருக்கட்டும். நான்கு கம்பிகள் மாத்திரம் இணைத்தால் 100-க்குள் நின்றுவிடும்.

நான்காவது, 5 கிகாஹெர்ட்ஸ் அலை வேகமுள்ளது. சுவர்களைக் கடக்கையிலோ தளர்ந்துபோம். ஆகையால் ரூட்டரை இரும்பு பீரோவின் பின்னே ஒளித்துவைக்காமல், வீட்டின் நடுவே உயரமாய் வையுங்கள். வேலைசெய்யும் கம்ப்யூட்டருக்குக் கேபிளே உத்தமம்.

கிகாபிட் போர்ட்டுகளுள்ள வைபை 6 ரூட்டரை மாற்றினோம். இப்போது அதே அளவு வீடியோ கேபிள் வழியாய் ஆறு நிமிடத்தில் போய்ச்சேருகிறது. இழந்த வாடிக்கையாளர் திரும்பவில்லை. ஆகிலும் ஒன்று கற்றுக்கொண்டேன்: பிறரைக் கடிந்துகொள்ளுமுன் நம் வீட்டு ரூட்டரைத் திருப்பிப் பார்ப்பது நல்லது.