பஷீரின் இரண்டு காதல்கள்

மலையாள எழுத்தாளர் வைக்கம் முகம்மது பஷீரின் ‘மதில்கள்’ நாவலில் காதலர்கள் ஒருவரையொருவர் பார்ப்பதே இல்லை. ஜெயிலில் ஆண்கள் பகுதியையும் பெண்கள் பகுதியையும் பிரிக்கும் உயரமான மதில். இந்தப் பக்கம் பஷீர், அந்தப் பக்கம் நாராயணி. காய்ந்த சுள்ளியொன்று மதிலுக்கு மேலே எழும்பினால் அவள் வந்து நிற்கிறாள் என்று அர்த்தம். அவர் வளர்த்த ரோஜாச் செடி மதில் தாண்டிப் போகிறது. ஆஸ்பத்திரியில் சந்திக்க நாள் குறிக்கிறார்கள். அதற்குள் விடுதலை உத்தரவு வந்துவிடுகிறது. இந்த விடுதலை யாருக்கு வேண்டும் என்று மனிதர் கலங்கிப்போகிறார். அடூர் கோபாலகிருஷ்ணன் இதைப் படமாக்கியபோதும் நாராயணியின் முகத்தைக் காட்டவில்லை. கே.பி.ஏ.சி. லலிதாவின் குரல் மட்டும்தான்.

கல்லூரி நாட்களில் அந்தக் குரல் என்னைப் பல இரவுகள் தூங்கவிடவில்லை. ஆனால் கல்யாணமாகி, மாமியார், நாத்தனார், குழந்தைகள் என்று வீடு நிறைந்த பிறகு நான் திரும்பத் திரும்ப எடுத்துப் படித்தது ‘பாத்துமாவின் ஆடு’தான்.

1954இல், மனநோய்க்குச் சிகிச்சை பெற்றுவந்த காலத்தில், தலையோலப்பறம்பு வீட்டில் இருந்து எழுதியது அது. உப்புச் சத்தியாக்கிரகம், சிறை, வருடக்கணக்கில் இந்தியா முழுக்க அலைச்சல் எல்லாம் முடிந்து, அமைதி தேடி வந்தவருக்கு வாய்த்ததோ உம்மா, தம்பிகள், தங்கைகள், பிள்ளைகள், கோழிகள், பூனைகள் நிறைந்த ஒரு சின்ன வீடு. ஆளாளுக்கு வந்து காசு கேட்கிறார்கள். உம்மாவும் யாருக்கும் தெரியாமல் கேட்கிறாள். தங்கை பாத்துமாவின் ஆடு பஷீர் எழுதிய ‘பால்யகால சகி’யைத் தின்கிறது, அடுத்து ‘சப்தங்க’ளையும் தின்கிறது. போர்வையில் வாய் வைத்தபோதுதான் பஷீர் ஓடிவருகிறார். புத்தகம் வேண்டுமானால் இன்னும் வரவழைத்துத் தருகிறேன், போர்வையை விட்டுவிடு என்று ஆட்டிடம் கேட்டுக்கொள்கிறார்.

அந்த வீட்டில் யாரும் யாரிடமும் அன்பைச் சொல்வதில்லை. சண்டை போடுகிறார்கள், ஒளித்துவைத்துத் தின்கிறார்கள், பொய் சொல்கிறார்கள். பஷீர் ஒருவரையும் திருத்தப் பார்க்கவில்லை. ஒருவர்மீதும் அவருக்குக் கசப்பில்லை. முகம் தெரியாத நாராயணிக்குக் கொடுத்த அதே கவனத்தை, தினமும் நச்சரிக்கும் இவர்களுக்கும் கொடுக்கிறார். எனக்கு இதுவே பெரிய காதல் கதையாகப் படுகிறது. மனம் நொந்திருந்த ஒருவர் எழுதியது என்பதால் இன்னும் பெரிதாகத் தெரிகிறது.

பஷீரை இதுவரை வாசிக்காதவர்கள் குளச்சல் யூசுஃபின் தமிழில் இந்த ஆட்டிலிருந்து தொடங்குங்கள். பிறகு ‘மதில்க’ளுக்குப் போகலாம்.