எந்தக் குடியிருப்பில் தொடங்குவது?

தீபாவளி முடிந்த பிறகு வரும் சில வாரங்களில் திருத்தங்கலுக்கு ஓர் அமைதி வந்துவிடுகிறது. பட்டாசு ஆலைகள் மூடிக் கிடக்கும். விடியற்காலையில் ஆட்களை ஏற்றிச் செல்லும் வேன்களின் ஓசை இராது. அப்படியொரு விடுமுறையில்தான் கல்லூரியில் முதலாண்டு படிக்கும் அக்கா மகன் என்னிடம் கேட்டான்: "மாமா, கையில இருக்கிற காசுக்கு ஒண்ணுதான் வாங்க முடியும். எதுல ஆரம்பிக்கலாம்?"

அவன் கேட்டது கணினி ஆட்டங்களைப் பற்றி. ட்வார்ஃப் ஃபோர்ட்ரஸ், ரிம்வேர்ல்ட், ஆக்ஸிஜன் நாட் இன்க்ளூடட். மூன்றும் குடியிருப்புகளைக் கட்டியெழுப்பும் ஆட்டங்கள். நான் இவற்றில் பல இரவுகளை இழந்தவன் என்பது வீட்டில் எல்லோருக்கும் தெரியும். மூன்றிலும் திரும்பத் திரும்பத் தோற்றவன் என்பது எனக்கு மட்டும் தெரியும்.

1989-இல் வெளிவந்த சிம்சிட்டியில் நகரம் இருந்தது. நகரத்து மக்கள் வெறும் எண்ணிக்கையாக இருந்தார்கள். இந்த மூன்று ஆட்டங்களிலும் ஒவ்வோர் ஆளுக்கும் பெயர் உண்டு, விருப்பு வெறுப்பு உண்டு. நாம் வேலையை ஒதுக்கலாம், இடத்தைக் குறிக்கலாம். செய்வது அவர்கள் பாடு. பசித்தால் எழுந்து போவார்கள். மனம் உடைந்தால் நம் கட்டளையைக் கேட்கமாட்டார்கள்.

ட்வார்ஃப் ஃபோர்ட்ரஸ் மூவரில் மூத்தது. டார்ன் ஆடம்ஸ், ஸாக் ஆடம்ஸ் என்னும் சகோதரர்கள் 2006-இல் வெளியிட்டது. ஏழு குள்ளர்களுடன் தொடங்கி மலையைக் குடைந்து ஊர் அமைக்க வேண்டும். நாம் நுழைவதற்கு முன்பே அந்த உலகத்துக்குப் பல நூற்றாண்டு வரலாற்றைக் கணினி எழுதி முடித்திருக்கும். நியூயார்க்கின் நவீனக் கலை அருங்காட்சியகம் 2012-இல் தன் சேகரிப்புக்குத் தேர்ந்த முதல் ஆட்டங்களுள் இதுவும் ஒன்று. நெடுங்காலம் வெறும் எழுத்துக் குறிகளாகவே திரையில் தெரிந்தது. 2022 டிசம்பரில் சித்திரங்களுடன் விலைக்கு வந்தது. பழைய வடிவம் இன்றும் இலவசம். தோற்பதுதான் வேடிக்கை என்பது இதை ஆடுகிறவர்களிடையே வழங்கும் வாசகம். புதியவனுக்கு இது ஒரு பெருநூலை நடுப்பக்கத்தில் திறந்து படிக்கத் தொடங்குவது போல.

ஆக்ஸிஜன் நாட் இன்க்ளூடட் கனடாவின் க்ளெய் நிறுவனம் 2019-இல் முழுமையாக வெளியிட்டது. விண்கல் ஒன்றின் வயிற்றுக்குள் மூன்று பேர். மூச்சுக்காற்றையே நாம்தான் உண்டாக்கித் தர வேண்டும். கரியமில வாயு கீழே தங்கும், ஹைட்ரஜன் மேலே ஏறும், இயந்திரங்களின் வெப்பம் சிறுகச் சிறுகச் சேரும். இன்று செய்த பிழை நெடுநாள் கழித்துப் பயிர் வாடும்போதுதான் தெரியவரும். படம் சிறுபிள்ளைகளுக்கு வரைந்தது போலிருக்கும். அதை நம்பிவிடக் கூடாது. கணக்கில் பிரியமுள்ளவர்களுக்கான ஆட்டம் இது.

ரிம்வேர்ல்ட் டைனன் சில்வெஸ்டர் உருவாக்கி 2018-இல் நிறைவுபெற்றது. விண்கலம் உடைந்து ஓர் அந்நியக் கோளில் வந்து விழும் மூவரோடு வழக்கமாகத் தொடங்கும். என்ன இடர் எப்போது வரவேண்டும் என்பதை ஒரு கதைசொல்லி தீர்மானிக்கிறது. கசாண்ட்ரா படிப்படியாகத் துன்பத்தைக் கூட்டுவாள், ஃபீபி மூச்சுவிட அவகாசம் தருவாள், ராண்டிக்கு நியதியே கிடையாது. மூன்றில் இதுவே புதியவருக்கு இணக்கமானது என்று எனக்குத் தோன்றியது. வாங்குமுன் என் கணினியில் ஆடிப்பார்க்கச் சொல்லி, நான் பாதி வளர்த்திருந்த குடியிருப்பை அவனிடம் கொடுத்தேன்.

அப்பா பக்கத்து நாற்காலியில் வந்து உட்கார்ந்தார். முப்பது ஆண்டுகள் பட்டாசு ஆலையில் போர்மேனாக இருந்தவர்.

"இது என்ன ரூம்?"

"பீரங்கிக் குண்டு வைக்கிற கிட்டங்கிப்பா."

"சுவரு?"

"மரம்."

"வாசல்?"

"ஒண்ணுதான்."

"பக்கத்துல?"

"சமையக்கட்டு."

அப்பா என்னைப் பார்த்த பார்வையில் கோபத்தைவிட வருத்தமே அதிகமிருந்தது. பிறகு பேரனுக்குச் சொல்லத் தொடங்கினார். மருந்து அறைகள் ஏன் தனித்தனியாக, தள்ளித்தள்ளிக் கட்டப்படுகின்றன. ஓர் அறைக்கு இத்தனை பேர், இத்தனை கிலோ என்று ஏன் வரையறை. எந்தப் பக்கம் தீப்பிடித்தாலும் மறுபக்கம் ஓடும்படி ஏன் வாசல்கள். தரையில் ஏன் ரப்பர் விரிப்பு. கலந்த மருந்தை ஏன் மறுநாளைக்கு மிச்சம் வைக்கக் கூடாது. "ஒண்ணு போனா ஒண்ணோட போகணும். அவ்வளவுதான் கணக்கு" என்றார்.

மருமகன் தலையாட்டிவிட்டு ஆட்டத்தைத் தொடர்ந்தான். சற்று நேரத்தில் மின்கசிவு ஏற்பட்டது. இந்த ஆட்டத்தில் மின்கலங்களில் எவ்வளவு மின்சாரம் சேர்ந்திருக்கிறதோ அவ்வளவு பெரிதாக வெடிக்கும். மரச்சுவர் பற்றியது, கிட்டங்கி வெடித்தது, சமையலறையில் இருந்தவர்களையும் சேர்த்து மூன்று பேர் இறந்தார்கள். அவன் சிரித்துக்கொண்டே ஏதோ பொத்தானை அழுத்தினான்.

"என்னய்யா பண்ணுன?" என்றார் அப்பா.

"வெடிக்கிறதுக்கு முன்னாடி சேமிச்ச எடத்துக்குத் திரும்பிப் போயிட்டேன் தாத்தா."

"செத்தவங்க?"

"இருக்காங்க தாத்தா. அந்தா, சமைச்சிட்டிருக்காங்க."

அப்பா திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு எதுவும் பேசாமல் எழுந்து திண்ணைக்குப் போய்விட்டார்.

2012 செப்டம்பர் 5 அன்று முதலிப்பட்டியில் 35-க்கும் மேற்பட்டோர் இறந்த விபத்தை நாடே அறியும். நாளிதழில் நான்கு வரியோடு முடிந்துபோன விபத்துகள் எத்தனையோ. அப்பா வேலைபார்த்த இடத்தில் ஒரு கோடையில் நடந்தது அப்படியொன்று. அன்று வாசலில் நின்று வருகைப் பதிவேட்டைப் பார்த்துப் பெயர் பெயராகக் கூப்பிட்டவர் அவர்தான். நான்கு பெயர்களுக்குப் பதில் வரவில்லை. இதை அவர் எங்களிடம் சொன்னதில்லை. அம்மா சொல்லித்தான் தெரியும். அன்று இரவு மருமகனிடம் அதைச் சொன்னேன்.

அவன் ரிம்வேர்ல்டையே வாங்கினான். தொடக்கத்தில் அது ஒரு கேள்வி கேட்கும்: நினைத்தபோது பின்னோக்கிப் போகும் வசதி வேண்டுமா, நடந்தது நடந்ததாகவே இருக்கட்டுமா என்று. புதிதாகக் கற்பவர்கள் முதலாவதைத் தேர்வதே நல்லது. தவறு செய்து, திரும்பிப் போய், ஏன் என்று பார்ப்பதற்கு அதைவிடச் சிறந்த வழியில்லை. யார் கேட்டாலும் இன்றும் அதையே சொல்வேன், அவனிடமும் சொன்னேன். அவன் இரண்டாவதைத் தேர்ந்தான்.

மறுநாள் பார்த்தேன். கல்லால் நான்கு சிறிய கிட்டங்கிகள், குடியிருப்பிலிருந்து விலகி, ஒன்றுக்கொன்று இடைவெளிவிட்டு. அப்பா கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு குனிந்து பார்த்தார். "பத்தாது. இன்னும் தள்ளிக் கட்டு" என்றார்.

விடுமுறை முடியும்வரை ஒவ்வொரு நாளும் காப்பி குடித்தவுடன் அப்பா அவனிடம் கேட்டுக்கொண்டிருந்தார்: "எல்லாரும் இருக்காங்களா?"