விளிம்பு பற்றி

உருவம், உள்ளடக்கம் என்று பிரித்துப் பேசுவது நம் விமர்சனத்தில் பழகிப்போன காரியம். இந்தப் பிரிவினையில் எனக்கு எப்போதும் ஒரு சந்தேகம் உண்டு. அதைத் தத்துவமாக வளர்க்க எனக்குத் தெரியாது. ஒரு அலுமினியப் பட்டையைப் பற்றிச் சொல்லத் தெரியும்.

நான் இருப்பது அமெரிக்காவில், ஓரிகான் மாநிலத்தில். இலையுதிர்காலத்தில் பிடிக்கிற மழை வசந்தம்வரை விடாது. பக்கத்து வீட்டுக்காரர் ஓய்வுபெற்ற தச்சர், மனைவியை இழந்தவர். 1961ஆம் வருஷத்து ஷாஸ்டா ஏர்ஃப்ளைட் டிரெய்லர் ஒன்றைச் செப்பனிட்டுக்கொண்டிருந்தார். காருக்குப் பின்னால் பூட்டி இழுத்துப்போகிற சின்ன வீடு. கட்டில், அடுப்பு, மேஜை எல்லாம் அதற்குள் உண்டு. பின்பக்க ஓரங்களில் இரண்டு உலோகச் சிறகுகள், அந்தக் காலத்து ஆகாய ஆசையின் மிச்சம். பக்கவாட்டில் பார்த்தால் பன்றித்தொடை அடைத்த தகர டப்பா மாதிரி இருப்பதால் இந்த வகை வண்டிகளுக்கு அங்கே அந்தப் பெயரே நிலைத்துவிட்டது. ஒரு வருஷம் சனிக்கிழமைகளில் அவருக்குக் கையாளாக இருந்தேன்.

இந்த வண்டிகள் பார்வைக்கு உலோகம், உண்மையில் மரம். மெல்லிய மரச்சட்டக் கூட்டின் மேல் அலுமினியத் தகடு போர்த்தியிருக்கும், அவ்வளவுதான். பக்கச் சுவரின் தகடும் கூரையின் தகடும் வண்டியின் வளைந்த விளிம்பு நெடுகச் சந்திக்கின்றன. அந்தச் சந்திப்பின் மேல் முன்பக்கம் கீழிருந்து கூரைமேல் ஏறிப் பின்பக்கம் கீழே இறங்குகிற பட்டைதான் நான் சொல்ல வந்தது. பக்கத்துக்கு 20 அடிக்கு மேல் வரும். நம்மூரில் பஸ் பாடி கட்டுகிறவர்கள் இதைப் பீடிங் என்பார்கள். அதன் வெளி உதடு சற்றே மடிந்து ஒரு சின்னக் கால்வாயாகி, கூரைத் தண்ணீரைச் சுவரில் விடாமல் ஓரமாகக் கொண்டுபோய்க் கீழே விடும்.

தூரத்திலிருந்து பார்க்கிறவனுக்கு அது ஒரு வெள்ளிக்கோடு, வடிவத்தை எடுப்பாக்குகிற அலங்காரம். அலங்காரத்தைக் குற்றத்தோடு சேர்த்துப் பேசி நவீன கட்டடக்கலைக்கு ஒரு வைராக்கியத்தைக் கற்றுக்கொடுத்தவர் வியன்னாவின் அடால்ஃப் லோஸ். அவருடைய கட்டுரை 1913ல் பிரெஞ்சில் அச்சேறியது. அந்த வைராக்கியத்தோடு இந்தப் பட்டையைக் கழற்றி எறிந்தால் முதல் குளிர்காலத்திலேயே சட்டம் ஊறும். சில வருஷங்களில் மரம் விரலால் குத்தினால் உதிரும். வண்டியின் அழகும் வண்டியின் ஆயுளும் ஒரே கோட்டில்தான் ஓடுகின்றன. எது உருவம், எது உள்ளடக்கம்?

அவருடைய வண்டியில் இடது பக்கப் பட்டை செத்துப்போயிருந்தது. இரும்புத் திருகாணியும் அலுமினியமும் ஈரத்தில் தொட்டுக்கொண்டிருந்தால் ஒரு மின்கலத்தின் வேலை நடக்கிறது, கரைந்துபோவது அலுமினியம். ஓட்டைகளைச் சுற்றி வெள்ளைப் பொடி பூத்து, ஓட்டைகள் பெரிதாகி, பட்டைக்கு அடியில் வைத்திருந்த மக்கு கல்லாகி வெடித்திருந்தது. தண்ணீர் உள்ளே போன வழி அதுதான்.

இதைப் போல இன்னொன்று வாங்குவது எளிதல்ல. முறுக்கு அச்சில் மாவு பிதுங்குகிற மாதிரி, சூடேற்றிய அலுமினியக் கட்டியை எஃகு அச்சின் துளை வழியாக அழுத்தித் தள்ளித்தான் இந்தப் பட்டைகளைச் செய்கிறார்கள். அச்சு போனால் அந்த உருவமும் போயிற்று. இன்றும் புதிய பட்டைகளை அடி கணக்கில் விற்கிறார்கள். ஆனால் உதட்டின் மடிப்பு சற்று அகலமாக இருக்கும். ஓட்டைக்கும் விளிம்புக்கும் உள்ள தூரம் மாறும். இரண்டங்குலத் துண்டு ஒன்றை வெட்டிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு அவர் பழைய சாமான் கிடங்குகளில் அலைந்தார். எங்கே எந்தப் பட்டையைப் பார்த்தாலும் துண்டின் முகத்தை அதன் முகத்தோடு வைத்துப் பார்ப்பார். தலையை ஆட்டிவிட்டு நகர்வார்.

கடைசியில் 60 மைலுக்கு அப்பால் ஒரு பண்ணையில் அதே வருஷத்து வண்டி கிடைத்தது. தரை இற்றுப்போய், பின்சுவர் சரிந்து கிடந்தது. இடது பட்டை மட்டும் பழுதில்லாமல் இருந்தது. அதைக் கழற்றினால் கூரையின் மூட்டு திறந்துகொள்ளும். மிச்சமிருப்பதையும் மழை முடித்துவிடும். ஒன்றைப் பிழைக்கவைக்க இன்னொன்றைக் கொல்வது என்ற கேள்வி எனக்கு உறுத்தியது. இனி யார் அதைச் சீர்செய்யப் போகிறார்கள் என்று எனக்கே பதிலும் சொல்லிக்கொண்டேன். அவர் ஒன்றும் விவாதிக்கவில்லை. பட்டையைக் கழற்றினார். காரிலிருந்து தன் வண்டியின் அரித்துப்போன பட்டையை எடுத்துவந்து அந்த மூட்டின் மேல் வைத்துத் திருகினார். பண்ணைக்காரர் சிரித்தார். ஒழுகும், ஆனால் திறந்து கிடக்காது என்றார் இவர்.

ஒரே வருஷம், ஒரே மாடல். ஆனாலும் முன்வளைவில் அரை அங்குலம் பொருந்தவில்லை. ஒவ்வொன்றும் கையால் வளைத்துப் பொருத்தியது. வளைத்த அலுமினியம் அந்த இடத்தில் இறுகிப்போகும்; மறுபடி வளைத்தால் கீறும். அதனால் முதலில் இளக்க வேண்டும். இரும்பைப் போலச் சிவந்து காட்டி அலுமினியம் எச்சரிப்பதில்லை. சுத்தமான அலுமினியம் 660 டிகிரி செல்சியஸில் உருகும். அதற்கு முன்பு அதன் முகத்தில் ஒரு மாற்றமும் தெரியாது. ஆகவே மேலே சோப்பைத் தேய்த்து, தீநாக்கை மெதுவாக ஓட்டி, சோப்பு கருத்த கணத்தில் நிறுத்தினார். ஆறியதும் பட்டை ஈயம் போலக் கைக்கு இணங்கியது. அடியில் ப்யூட்டில் பசைநாடா, துருப்பிடிக்காத எஃகுத் திருகாணிகள். பிதுங்கிய பசையை பிளாஸ்டிக் கத்தியால் வழித்தோம். சில நாள் கழித்துத் திருகாணிகளை இன்னொரு சுற்று இறுக்கினோம்.

வலது பட்டையில், கதவுக்கு மேலே, ஒரு நசுங்கல் இருந்தது. எப்போதோ அவர் மனைவி வண்டியைப் பின்னுக்கு எடுத்தபோது மரக்கிளையில் இடித்தது. பண்ணை வண்டியின் வலது பட்டையும் ஓரளவு நன்றாகவே இருந்தது. அதை அவர் எடுக்கவில்லை. நசுங்கலின் அடிப்பாகத்தை மட்டும் மரச்சுத்தியலால் தட்டி, தகட்டோடு தண்ணீர் புகாதபடி படியவைத்தார். உதட்டில் இருந்த மடிப்பை அப்படியே விட்டார்.

2015 மாடலாக ஷாஸ்டா நிறுவனமே 1961 ஏர்ஃப்ளைட்டை மறுபதிப்புச் செய்தது. நிறுவனம் பிறந்த வருஷத்தின் எண்ணிக்கையில், 1,941 வண்டிகள். சிறகுகளும் வெள்ளிக்கோடும் அவற்றிலும் உண்டு. அவற்றைக் குறை சொல்ல மாட்டேன். ஆனால் அந்தக் கோடு எதையும் தாங்கி வந்ததில்லை.

ஏட்டைப் பதிப்பிக்கிற நல்ல பதிப்பாசிரியன் சிதைந்த இடத்தில் தன் சொல்லை நுழைப்பதில்லை. புள்ளி வைத்துக் காட்டுவான். பொருள் ஒழுகிப்போகாமல் பார்த்துக்கொள்வான், சிதைவை மறைக்கமாட்டான். இரண்டையும் சேர்த்துச் செய்வது கடினம். முழுதும் புதுக்குகிறவனுக்கும் அப்படியே விடுகிறவனுக்கும் இந்தக் கஷ்டம் இல்லை. விமர்சனம் என்று நாம் செய்துகொண்டிருப்பதில் எவ்வளவு இந்தக் கஷ்டத்தை ஏற்றுக்கொண்டது என்று யோசிக்கிறேன்.