ஈரத் தானியத்தை மேலே வையுங்கள்



மதரஸாவில் வணிகப் பாடம் நடத்தும்போது மாணவர்களுக்கு நான் முதலில் சொல்லும் நிகழ்ச்சி ஒன்று உண்டு. அண்ணல் நபி (ஸல்) அவர்கள் கடைவீதியில் ஒரு தானியக் குவியலுக்குள் கையை நுழைத்தார்கள். மேற்புறம் காய்ந்திருந்தது, உள்ளே விரல்கள் ஈரத்தை உணர்ந்தன. மழையில் நனைந்துவிட்டது என்றார் வணிகர். அப்படியானால் மக்கள் காணும்படி அதை மேலே வைத்திருக்கக் கூடாதா என்று கேட்டு, ஏமாற்றுபவர் நம்மைச் சேர்ந்தவர் அல்லர் என எச்சரித்தார்கள். இது ஸஹீஹ் முஸ்லிமில் பதிவாகியுள்ளது.

சென்ற ஆண்டு ஒரு கார் வாங்க முற்பட்டபோது இந்த நபிமொழி பலமுறை என் நினைவிற்கு வந்தது. முதுமையடைந்த தாயாரை மருத்துவமனைக்கு அழைத்துச் செல்வதற்காக, சகோதரர்கள் மூவரும் ஆறு ஆண்டுகள் சிறுகச் சிறுகச் சேமித்த பணம் அது. வட்டிக் கடன் வேண்டாம் என்பதில் நாங்கள் உறுதியாக இருந்தோம்.

விளம்பரத்தில் கண்ட விலை 5,80,000 ரூபாய். விற்பனை நிலையத்தில் தந்த தாளிலோ 7,30,000. சாலை வரியும் பதிவுக் கட்டணமும் அரசுக்குரியவை; அவற்றில் வழக்கில்லை. ஆனால் கேட்காத இருக்கை உறைகள், நீட்டித்த உத்தரவாதம், கையாளும் கட்டணம், அவர்களே தேர்ந்தெடுத்த காப்பீடு ஆகியவையும் அந்தத் தொகைக்குள் அடங்கியிருந்தன. எது கட்டாயம், எது விருப்பம் என்ற பிரிவே தாளில் இல்லை.

அதைவிட வியப்பளித்தது அங்கிருந்த இளைஞர் சொன்ன செய்தி: “பாய், லோன் போட்டா இருபதாயிரம் குறைச்சுத் தர்றோம். ரொக்கம்னா அந்தச் சலுகை கிடையாது.” வட்டியைத் தவிர்ப்பவர் கூடுதல் விலை கொடுக்க வேண்டுமாம்! கடனையும் விற்பனையையும் ஒன்றோடொன்று பிணைப்பதை நபி (ஸல்) அவர்கள் தடுத்ததன் ஞானத்தை அன்று கண்முன்னே கண்டேன். அந்த இளைஞரை நான் குறைகூறவில்லை. கூடுதலாக எதையேனும் விற்றால்தான் அவருக்கு ஊக்கத்தொகை.

மூன்று முறை சென்று வந்தோம். கையாளும் கட்டணம் எந்த விதிப்படி என்று எழுத்தில் கேட்டதும் அது தாளிலிருந்து மறைந்தது. புதிய காருக்கு மூன்றாண்டு மூன்றாம் நபர் காப்பீடு 2018 முதல் கட்டாயம். ஆனால் காப்பீட்டை நாம் விரும்பும் நிறுவனத்தில் எடுக்கலாம் என்று எடுத்துரைத்து, வெளியே குறைந்த தொகையில் எடுத்துக்கொண்டோம். அல்ஹம்துலில்லாஹ். ஆயினும் ஒரு கேள்வி நெஞ்சை உறுத்துகிறது. இவ்வாறு வாதாடத் தெரியாத முதியவரும், துணையின்றி வரும் விதவைச் சகோதரியும் என்ன செய்வார்கள்? அறியாதவரிடம் அதிக விலை, கேட்பவரிடம் குறைந்த விலை என்பது நேர்மையான வணிகமாகுமா?

நாம் வேண்டுவது பெரிதன்று. இறுதித் தொகை ஒன்றே ஒன்றாக இருக்கட்டும். அதில் அரசுக்குரியது, கட்டாயமானது, விருப்பத்திற்குரியது எனத் தனித்தனியே எழுதப்படட்டும். ரொக்கம் தருபவருக்கும் கடன் பெறுபவருக்கும் விலை ஒன்றாகவே இருக்கட்டும். கொடுக்கல் வாங்கலை எழுதி வைக்கப் பணிக்கும் அல்பகராவின் 282ஆம் வசனமே திருக்குர்ஆனின் மிக நீண்ட வசனம். தெளிவான எழுத்துக்கு மார்க்கம் தரும் இடம் அத்தகையது.

இந்தக் கோரிக்கையைப் பிறரிடம் மட்டும் வைத்தால் போதாது. பழைய கார் வாங்கி விற்கும் தொழிலில் நம் சகோதரர்கள் பலர் ஈடுபட்டுள்ளனர். விபத்தில் அடிபட்ட வண்டியா, மீட்டர் திருத்தப்பட்டதா, வங்கிக் கடன் நிலுவை உண்டா என்பதை வாங்குபவர் கேட்கும் முன்பே சொல்லிவிடுங்கள். குறையை மறைத்து விற்றால், வாங்கியவருக்குப் பொருளைத் திருப்பித் தரும் உரிமை உண்டு என்பது ஃபிக்ஹ் சட்டம். உண்மை பேசிக் குறையைத் தெளிவுபடுத்தும் இருவரின் வணிகத்தில் பரக்கத் உண்டு என்பது நபிகளார் தந்த நற்செய்தி.

ஈரத் தானியத்தை மேலே வைக்கும் வணிகர்களாக நம்மையும் நம் பிள்ளைகளையும் அல்லாஹ் ஆக்கியருள்வானாக! ஆமீன்.