எரியாமல் தப்பிய தாள்கள்

ஃபிலிஸ் வீட்லியின் கவிதைத் தொகுப்பு 1773இல் வெளிவந்தது. ஆப்பிரிக்க அமெரிக்கர் ஒருவரின் கவிதைகள் புத்தகமானது அதுவே முதல்முறை. பாஸ்டனில் போதிய ஆதரவு கிடைக்காததால் லண்டனில் அச்சிட்டார்கள். எழுதியவருக்கு அப்போது இருபது வயதுதான் இருக்கும். ஏழெட்டு வயதில் மேற்கு ஆப்பிரிக்காவிலிருந்து பிடித்துவந்து 1761இல் பாஸ்டனில் விற்ற பெண் அவர். ஃபிலிஸ் என்பது அவரை ஏற்றிவந்த கப்பலின் பெயர். வீட்லி, விலை கொடுத்து வாங்கிய குடும்பத்தின் பெயர். பெற்றவர்கள் இட்ட பெயர் எந்த ஏட்டிலும் இல்லை.

புத்தகத்தின் முன்பக்கங்களில் ஒரு சான்றுரை இருக்கிறது. கவிதைகளை இந்தப் பெண்தான் எழுதினாள் என்று பாஸ்டனின் பெரிய மனிதர்கள் 18 பேர் பெயர் கொடுத்திருக்கிறார்கள். ஆளுநர் தாமஸ் ஹட்சின்சன் ஒருவர். மூன்று வருடம் கழித்துச் சுதந்திரப் பிரகடனத்தில் கையெழுத்திட்ட ஜான் ஹான்காக் இன்னொருவர். இந்தப் பட்டியலைப் படிக்கும் ஒவ்வொரு முறையும் எனக்கு ஆத்திரம் வருகிறது. வீட்லியிடம் இரண்டாவது தொகுப்புக்கும் கவிதைகள் இருந்தன. 1784இல் வறுமையில் இறந்தார். அந்தக் கையெழுத்துப் பிரதி இன்றுவரை கிடைக்கவில்லை.

*

அமெரிக்காவின் இனவெறியைத் தாங்கி நின்றவர்களின் புத்தகங்களைப் பற்றிப் பேசும்போது, உள்ளே இருக்கும் வாழ்க்கையின் நெஞ்சுரத்தை மட்டும் சொல்லிவிட்டுப் போய்விடுகிறோம். அந்தப் புத்தகங்கள் நம் கைக்கு வந்து சேர்ந்த கதையையும் சொல்லவேண்டும் என்பது என் பிடிவாதம். சந்தேகப்பட்டார்கள், வெட்டினார்கள், திருப்பி அனுப்பினார்கள், கொளுத்தினார்கள். பல தடவை யாரோ ஒருவர் குறுக்கே வந்து காப்பாற்றியிருக்கிறார்.

*

ஃபிரெடரிக் டக்ளஸின் முதல் தன்வரலாறு, 1845. எஜமானியம்மா நெடுங்கணக்கு சொல்லிக்கொடுக்கத் தொடங்கினார், கணவர் தடுத்தார். அதன்பின் பால்டிமோர் தெருவில் ஏழை வெள்ளைக்காரப் பையன்களுக்கு ரொட்டி கொடுத்து எழுத்து கற்றுக்கொண்டான் சிறுவன் டக்ளஸ். பிற்பாடு புத்தகம் எழுதியபோது எஜமானர்களை உண்மைப் பெயரிலேயே எழுதினார். புத்தகம் விற்க விற்க, தப்பியோடிய அடிமை இன்னார் என்று ஊருக்கே தெரிந்துபோனது. பிடித்துக்கொண்டு போய்விடுவார்கள் என்ற நிலையில் அயர்லாந்துக்கும் பிரிட்டனுக்கும் கப்பலேறினார். அங்கிருந்த நண்பர்கள் பணம் திரட்டி அவருடைய விடுதலையை விலைக்கு வாங்கினார்கள். தான் தப்பித்த வழியை மட்டும் 1881வரை அச்சில் சொல்லவில்லை. அதே வழியில் பின்னால் வரக்கூடியவர்கள் மாட்டிக்கொள்ளக் கூடாதே என்பதுதான் காரணம்.

*

ஹாரியட் ஜேக்கப்ஸ். இந்தக் குறிப்புகளில் யாருக்காவது அதிக இடம் கொடுக்கவேண்டும் என்றால் இவருக்குத்தான்.

வட கரோலினாவில் ஈடன்டன் என்ற சிற்றூர். எஜமானரின் பாலியல் தொல்லையிலிருந்து தப்ப, விடுதலை பெற்றிருந்த தன் பாட்டியின் வீட்டுப் பரணில் ஒளிந்தார். ஒன்பது அடி நீளம், ஏழு அடி அகலம், உயரமான இடத்தில் மூன்று அடி. நிமிர்ந்து நிற்க முடியாது. 1835இலிருந்து 1842வரை, ஏறக்குறைய ஏழு வருடம் அதற்குள் இருந்தார். கோடையில் கூரையின் வெக்கை, மழையில் ஒழுக்கு, எலிகள். பலகையில் சின்னத் துளைகள் போட்டு, கீழே விளையாடும் தன் இரண்டு பிள்ளைகளையும் பார்த்துக்கொண்டிருந்தார். அம்மா தலைக்குமேல் இருப்பது அவர்களுக்குத் தெரியாது என்றே நினைத்திருந்தார். மகன் ஒருநாள் இருமல் சத்தம் கேட்டு ஊகித்துவிட்டான். யாரிடமும் மூச்சுவிடவில்லை, மற்றப் பிள்ளைகளை அந்தப் பக்கம் போகவிடாமல் பார்த்துக்கொண்டான். அம்மா பரணைவிட்டு வடக்கே தப்பிப் போகும் வேளையில்தான் இதை அவரிடம் சொல்கிறான். அந்தப் பக்கத்தைத் தாண்டிப் போக எனக்கு நேரம் பிடித்தது.

பரணில் இருந்தபடியே எஜமானருக்குக் கடிதங்கள் எழுதி, நியூயார்க் தபால் முத்திரையோடு போய்ச் சேரும்படி நம்பிக்கையானவர்கள் கையில் கொடுத்தனுப்பினார். தேடுகிறவர் வடக்கே தேடட்டும் என்று.

வடக்கே தப்பிப் போன பிறகு ஒரு வீட்டில் குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் வேலை. இரவில், வீட்டுக்காரருக்குத் தெரியாமல் எழுதினார். நாவலாசிரியர் ஹாரியட் பீச்சர் ஸ்டோவிடம் உதவி கேட்டபோது, அவர் அந்தக் கதையைத் தன்னுடைய புத்தகத்தில் சேர்த்துக்கொள்ளப் பார்த்தார். உண்மைதானா என்று ஜேக்கப்ஸ் வேலை பார்த்த வீட்டு அம்மாவிடமும் விசாரித்தார். அது ஜேக்கப்ஸை ஆழமாகக் காயப்படுத்தியது. ஒத்துக்கொண்ட பதிப்பகங்கள் ஒன்றன்பின் ஒன்றாக நொடித்துப்போயின. கடைசியில் அச்சுத் தகடுகளைத் தானே வாங்கி, 1861இல், லிண்டா பிரென்ட் என்ற புனைபெயரில், தன் பொறுப்பிலேயே வெளியிட்டார்.

அப்புறமும் நம்பவில்லை. பதிப்பாசிரியராக இருந்த லிடியா மரியா சைல்ட் என்ற வெள்ளைக்காரப் பெண்மணி எழுதிய புனைகதை என்று வரலாற்றாசிரியர்கள் பலகாலம் ஒதுக்கி வைத்தார்கள். ஜீன் ஃபேகன் யெல்லின் என்ற ஆய்வாளர், ஜேக்கப்ஸ் தன் தோழி ஏமி போஸ்டுக்கு எழுதிய கடிதங்களைக் கொண்டு, எழுதியது அவரேதான் என்று நிறுவினார். யெல்லினின் பதிப்பு வந்தது 1987இல். ஏழு வருடம் பரணில் கிடந்தவரின் புத்தகம் நூறாண்டுக்குமேல் சந்தேகத்தில் கிடந்திருக்கிறது.

*

சமூகவியலாளர் டு பாய்ஸின் புத்தகம், 1903. தன்னைத் தன் கண்ணாலும், தன்னை இகழ்கிறவர்களின் கண்ணாலும் ஒரே நேரத்தில் பார்த்துக்கொள்ள வேண்டிய மனநிலையைப் பற்றி அவர் எழுதியதை எல்லோரும் சொல்கிறார்கள். ஒன்றரை வயதில் டிப்தீரியாவில் இறந்துபோன தன் மகனைப் பற்றி எழுதிய இயலையும் படிக்கவேண்டும். சமூகவியலாளர் பேச்சை நிறுத்திவிட, அப்பன் பேசுகிற இடம் அது.

1946இல் அம்பேத்கர் டு பாய்ஸுக்குக் கடிதம் எழுதினார். அமெரிக்கக் கறுப்பின மக்கள் சார்பில் ஐக்கிய நாடுகள் சபைக்குக் கொடுத்த மனுவின் பிரதியைக் கேட்டிருந்தார். டு பாய்ஸ் பதில் போட்டார். அதற்கும் முன்னால், 1873இல், ஜோதிராவ் புலே தன் ‘குலாம்கிரி’யை அடிமைமுறையை ஒழித்த அமெரிக்க மக்களுக்குத்தான் காணிக்கையாக்கினார்.

*

ரிச்சர்ட் ரைட்டின் ‘பிளாக் பாய்’. மெம்ஃபிஸில் கறுப்பினத்தவருக்கு நூலகம் புத்தகம் தராத காலம். கூடவேலை பார்த்த ஐரிஷ்காரர் ஒருவரின் நூலக அட்டையை இரவல் வாங்கி, அவர் கொடுத்தனுப்பியதுபோல ஒரு சீட்டும் தயாரிக்கிறான் இளைஞன். சந்தேகம் வரக்கூடாது என்பதற்காக, தன்னைக் குறிக்கும் அந்த இழிசொல்லைத் தன் கையாலேயே அதில் எழுதுகிறான். ஒரு புத்தகத்துக்காகக் கொடுத்த விலை.

‘பிளாக் பாய்’க்கு நேர்ந்த கதி: ‘புக் ஆஃப் த மந்த் கிளப்’ தேர்ந்தெடுக்கவேண்டும் என்றால் இரண்டாம் பாதியை எடுத்துவிடச் சொன்னார்கள். தெற்கின் கொடுமை இருக்கலாம். வடக்கே சிகாகோவிலும் அது தொடர்ந்தது என்ற பகுதி வேண்டாம். 1945இல் பாதிதான் வந்தது. மறுபாதி 1977இல், ரைட் இறந்து 17 வருடம் கழித்துத் தனியாக வந்தது. இரண்டும் ஒரே புத்தகமாகச் சேர்ந்தது 1991இல்.

*

ஜோரா நீல் ஹர்ஸ்டனின் நாவலை அதே ரைட்தான் 1937இல் கடுமையாக விமர்சித்தார். போராட்டம் இல்லை என்பது அவர் குறை. ரைட்டை மதிக்கிறேன், இந்த விஷயத்தில் ஹர்ஸ்டன் பக்கம் நிற்கிறேன். ஒரு பெண் தனக்குப் பிடித்தவனோடு, தனக்குப் பிடித்த பேச்சில் வாழ நினைப்பதும் போராட்டம்தான்.

ஹர்ஸ்டன் மானுடவியல் படித்தவர். 1927இல் அலபாமாவில் கொசோலா என்ற முதியவரைப் பார்க்கப் போனார். 1808இலேயே சட்டம் தடைசெய்துவிட்ட அடிமைக் கடத்தலை மீறி, 1860இல் ‘க்ளோடில்டா’ கப்பலில் கொண்டுவரப்பட்டவர்களில் அவர் ஒருவர். விடுதலைக்குப் பிறகு ஊர் திரும்பக் காசில்லாமல், கூட வந்தவர்களோடு சேர்ந்து மொபீல் பக்கத்தில் ஆப்பிரிக்காடவுன் என்ற குடியிருப்பை உண்டாக்கினார். ஹர்ஸ்டன் பீச் பழமும் தர்ப்பூசணியும் வாங்கிக்கொண்டு போவார். சில நாள் முதியவர் பேசமாட்டார். சும்மா உட்கார்ந்திருந்துவிட்டுத் திரும்புவார். பேசிய நாளில், பேசிய மாதிரியே எழுதிக்கொண்டார். ஒரு பதிப்பகம் அந்தப் பேச்சுநடையை மாற்றச் சொன்னது. ஹர்ஸ்டன் மறுத்தார். ‘பாரகூன்’ என்ற அந்தப் புத்தகம் அச்சானது 2018இல். அடுத்த வருடம் ஆற்றடியில் கிடந்த க்ளோடில்டாவையும் அடையாளம் கண்டார்கள்.

1960இல், ஃபுளோரிடாவின் ஃபோர்ட் பியர்ஸில் ஓர் ஆதரவற்றோர் இல்லத்தில் ஹர்ஸ்டன் இறந்தார். நன்கொடை திரட்டி அடக்கம் செய்தார்கள். கல்லறையில் பெயர் இல்லை. அவருடைய தாள்களைப் போட்டுக் கொளுத்தினார்கள். அவரை அறிந்திருந்த ஒரு காவல்துறை அதிகாரி வழியில் புகையைப் பார்த்து, நிறுத்தித் தண்ணீர் ஊற்றினார். ஓரம் கருகிய தாள்கள் இன்றும் ஃபுளோரிடா பல்கலைக்கழகத்தில் இருக்கின்றன. 1973இல் எழுத்தாளர் ஆலிஸ் வாக்கர், தான் ஹர்ஸ்டனின் மருமகள் என்று சொல்லிக்கொண்டு ஊரில் விசாரித்து, இடுப்பளவு புதருக்குள் தேடிக் கல்லறைக்குக் கல் நட்டார். உறவு சொன்னது பொய்யானாலும், செய்தது மருமகள் செய்யவேண்டிய காரியம்.

*

ஜான் ஒகாடாவுக்கு அந்தத் தண்ணீர் கிடைக்கவில்லை. இரண்டாம் உலகப்போரில் ஜப்பானிய வம்சாவளியினர் ஏறக்குறைய 1,20,000 பேரை அமெரிக்க அரசு முள்வேலி முகாம்களில் அடைத்தது. பெரும்பாலோர் அமெரிக்கக் குடிமக்கள். விசுவாசமாக இருப்பாயா, படையில் சேருவாயா என்ற கேள்விகளுக்கு இல்லை, இல்லை என்று பதில் சொல்லிச் சிறைக்குப் போன இளைஞனைப் பற்றியது ‘நோ-நோ பாய்’, 1957. ஒகாடா போரில் பணியாற்றியவர். மறுத்தவனின் மனதுக்குள் போய் எழுதினார். முதல் அச்சே விற்கவில்லை. அவருடைய சமூகமே அந்தக் காயத்தைத் தொட விரும்பவில்லை. 1971இல் இறந்தார். அவர் எழுதிவைத்த இரண்டாவது நாவலை வாங்கிக்கொள்ள ஆளில்லாமல் மனைவி எரித்துவிட்டார். எழுத்தாளர் ஃபிராங்க் சின்னும் நண்பர்களும் சேர்ந்து 1976இல் முதல் நாவலை மறுபதிப்புச் செய்தார்கள். இன்று வகுப்பறைகளில் இருப்பது அந்த ஒன்றுதான்.

*

தமிழில் பலருக்கு இந்த உலகம் அறிமுகமானது அலெக்ஸ் ஹேலியின் ‘ஏழு தலைமுறைகள்’ மூலம். மால்கம் எக்ஸின் தன்வரலாற்றை உடனிருந்து எழுதியவரும் ஹேலிதான். 1965 பிப்ரவரியில் மால்கம் சுட்டுக் கொல்லப்பட்டதும், ஒப்பந்தம் போட்டிருந்த டபுள்டே பதிப்பகம் பின்வாங்கியது. குரோவ் பிரஸ் வெளியிட்டது. விட்டுப்போன ஓர் இயல் தனியார் கையில் கிடந்து, 2018இல்தான் ஹார்லெமின் ஷாம்பர்க் ஆய்வு நூலகத்துக்கு வந்தது.

*

டோனி மாரிசனை நோபல் பரிசோடு சேர்த்தே நினைக்கிறோம். ரேண்டம் ஹவுஸில் பதிப்பாசிரியராக அவர் செய்த வேலையும் அதே அளவு பெரியது. கெய்ல் ஜோன்ஸ், டோனி கேட் பம்பாரா, ஏஞ்சலா டேவிஸ் எல்லாம் அவர் கை வழியாக வந்தவர்கள். 1974இல் அவர் உருவாக்கிய ‘த பிளாக் புக்’ தொகுப்பில் 1856ஆம் ஆண்டுச் செய்தி ஒன்று இருக்கிறது. கென்டக்கியிலிருந்து உறைந்த ஒஹாயோ ஆற்றைக் கடந்து ஓடிவந்த மார்கரெட் கார்னர், பிடிபட்ட வேளையில், அடிமை வாழ்வுக்குத் திரும்பக் கூடாதென்று தன் மகளைக் கொன்ற செய்தி. 13 வருடம் கழித்து அதிலிருந்து ‘பிலவ்ட்’ வந்தது.

*

கடைசியாக, தமிழில் இவற்றைக் கொண்டுவரப் போகிறவர்களுக்கு ஒரு வேண்டுகோள். சுருக்காதீர்கள். ‘பிளாக் பாய்’ என்றால் 1991இன் முழுப் பாடத்தை எடுங்கள். ஜேக்கப்ஸைக் கொண்டுவந்தால் அட்டையில் லிண்டா பிரென்ட் வேண்டாம், அவர் பெயரையே போடுங்கள். கொசோலாவின் பேச்சைப் பேச்சுத் தமிழிலேயே விடுங்கள். அதற்காகத்தான் ஹர்ஸ்டன் தன் வாழ்நாளில் அந்தப் புத்தகத்தைப் பார்க்காமலே போனார்.