63 வோல்ட்

மாமாவின் கடைக்குப் பெயர்ப்பலகை கிடையாது. கும்பகோணம் கடைத்தெருவை ஒட்டிய சந்தில், வாசலில் தொங்கும் கோன் இல்லாத ஸ்பீக்கர்தான் அடையாளம். பள்ளிக்கூடம் விட்டால் என் கால் தானாக அங்கேதான் போகும். உருகும் ஈயத்தின் புகை, சூடேறிய டிரான்ஸ்பார்மரின் வார்னிஷ் மணம், எப்போதாவது வெடித்துத்தொலைத்த கண்டென்சரின் மீன்வாடை. வீட்டுக்குப் போனால் அம்மா சட்டையை முகர்ந்தே கண்டுபிடித்துவிடுவாள்.

1987 கோடை விடுமுறையில், ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் ஒருவர் ரிக்‌ஷாவில் தன் ஸ்டீரியோவை ஏற்றிக்கொண்டு வந்தார். ஆம்ப்ளிஃபயர், ரெக்கார்டு பிளேயர், இரண்டு ஸ்பீக்கர் பெட்டி. இளையராஜாவின் ‘ஹவ் டு நேம் இட்’ முந்தைய வருஷம்தான் வெளியாகியிருந்தது. அந்தத் தட்டைத் துண்டில் சுற்றி மடியில் வைத்திருந்தார். “வயலின் வர்றதுக்கு முன்னாடியே ஒரு ங்ங்ங்னு வருதுப்பா.”

மாமா வால்யூமை முழுக்கக் குறைத்தார். ங்ங்ங் குறையவில்லை. “பில்டர் போயிருக்கு சார்.” வால்யூமுக்கு அடங்காத இரைச்சல் என்றால் பவர் சப்ளையில்தான் கோளாறு. கரண்டின் 50 சைக்கிள், டயோடு பிரிட்ஜைத் தாண்டும்போது 100 சைக்கிள் ஆகிவிடும். அந்த மேடுபள்ளத்தை நிரவ வேண்டிய கண்டென்சர் உள்ளே காய்ந்துபோனால், ஸ்பீக்கர் அதையே பாடும்.

மூடியைத் திறந்ததும், 40 வாட் பல்பிலிருந்து வந்த இரண்டு ஒயரைப் பெரிய கண்டென்சரின் கால்களில் வைத்துச் சார்ஜை இறக்கினார். ஸ்க்ரூடிரைவரால் ‘டப்’பென்று ஷார்ட் செய்யும் மெக்கானிக்குகளை அவருக்குப் பிடிக்காது. கழற்றி, முள் மீட்டரை ஓம் ரேஞ்சில் வைத்தார். நல்ல கண்டென்சர் என்றால் முள் எகிறிப் போய் மெதுவாகத் திரும்பும். இதில் கொஞ்சம் அசைந்து நின்றுவிட்டது. கொள்ளளவு 2200 எம்.எஃப்.டி, தாங்குவது 50 வோல்ட் என்று பச்சை உறையில் அச்சிட்டிருந்தது.

மாற்றுக் கண்டென்சர் வாங்க என்னையும் மெட்ராஸுக்குக் கூட்டிப்போனார். எழும்பூரில் இறங்கி, இட்லி தின்றுவிட்டு, மவுண்ட் ரோடு பக்கம் ரிச்சி தெரு. கடைவாசல்களில் கூடைகூடையாகக் கண்டென்சர். கேரளத்து கெல்ட்ரானிலிருந்து ஜப்பான் சரக்கு வரை. தலைமையாசிரியர் சொல்லி அனுப்பியது 10,000 எம்.எஃப்.டி. “பெரிசா போட்டா பாஸ் நல்லா வரும்னாங்க.” மாமா அந்தக் கூடையைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. சுவிட்சைப் போட்ட நொடியில் அவ்வளவு பெரிய கண்டென்சர் இழுக்கும் கரண்டை அந்தச் சின்ன டயோடுகள் தாங்காது. வால்வு செட்டுகளில் இது இன்னும் மோசம். ஈஇசட் 81 ரெக்டிபயருக்கு 50 எம்.எஃப்.டிக்கு மேல் கொடுக்கக்கூடாது என்று அதன் டேட்டா ஷீட்டிலேயே இருக்கும்.

2200-ஐயே எடுத்தார், ஆனால் 63 வோல்ட். லைன் 42 வோல்ட்தானே, 50 போதாதா என்று கேட்டேன். “ராத்திரி பத்து மணிக்கு மேல நம்ம ஊர்ல கரண்டு எவ்வளவு ஏறும்னு ஒனக்குத் தெரியுமா மாப்ள?” 85 டிகிரி வரை தாங்கும் சரக்கை ஒதுக்கி 105 டிகிரி கேட்டார். உள்ளே பத்து டிகிரி சூடு குறைந்தால் எலக்ட்ரோலிட்டிக்கின் ஆயுள் ஏறக்குறைய இரட்டிப்பாகும். அதோடு சட்டைப்பையிலிருந்து ஒரு நூலை எடுத்து, புதியதின் தடிமனை அளந்தார். பழைய கிளாம்ப்புக்குள் அது நுழைய வேண்டுமே! எனக்கு அப்போது வியப்பாக இருந்தது இந்த நூல்தான். இன்றும் அப்படித்தான்.

திரும்பி வந்து பில்டரைப் போட்டதும் இரைச்சல் நின்றது. அதோடு விட்டிருக்கலாம். ஆனால் தலைமையாசிரியர் கப்ளிங் கண்டென்சரையும் மாற்றச் சொன்னார். அங்கிருந்தது 1 எம்.எஃப்.டி எலக்ட்ரோலிட்டிக். பாட்டே அதன் வழியாகத்தான் போகிறது என்பதால் மாமாவும் மறுக்கவில்லை, மைலர் போட்டார். மைலர் பருமன், போர்டில் படுக்காது. நிற்கவைத்து நூலால் கட்டினோம். டோன் கண்ட்ரோல் பக்கம் ஒரு செராமிக் டிஸ்க் கண்டென்சர் இருந்தது. அதை ஸ்க்ரூடிரைவர் பிடியால் தட்டினால் ஸ்பீக்கரில் ‘டொக்’கென்று கேட்டது. அதையும் எடுத்துவிட்டு ஸ்டைரோஃப்ளெக்ஸ் வைத்தார். பற்றவைக்கும் சூட்டில் அது உருகிவிடும் என்பதால் மூக்குக்குறடால் காலைப் பிடித்துச் சூட்டை வாங்குவது என் வேலை.

“அந்த ஒண்ணை 4.7 ஆக்கிடுப்பா, பாஸுக்கு.” தலைமையாசிரியர் விடவில்லை. மாமா வாதாடாமல் 4.7-ஐத் தற்காலிகமாகச் சேர்த்து, தட்டை ஓடவிட்டார். ஸ்பீக்கர் துணியைக் கழற்றிப் பார்த்தால், பாட்டு தொடங்கும் முன்பே வூஃபர் கோன் சத்தமில்லாமல் உள்ளும் வெளியுமாக மூச்சுவாங்கிக்கொண்டிருந்தது. அடுத்த கட்டத்தின் 10 கிலோ ஓமோடு 1 எம்.எஃப்.டி சேர்ந்தால் 16 சைக்கிளுக்குக் கீழே ஒலி படிப்படியாகக் குறையும். 4.7 என்றால் மூன்றரை சைக்கிள் வரை வழி திறந்துவிடும். தட்டின் நெளிவும் மோட்டாரின் உதறலும் அவ்வழியே வந்துவிட்டன. காதுக்கு ஒன்றும் கேட்காது, ஆம்ப்ளிஃபயரின் பலம் மட்டும் வீணாகும்.

மாமா பழையபடி ஒன்றைப் போட்டார். தலைமையாசிரியர் முழுப் பக்கத்தையும் கேட்டுவிட்டு, “சுத்தமா இருக்கு” என்றார். கூலி கொடுத்தார். ஸ்பீக்கர் பெட்டிகளை நான் ரிக்‌ஷாவில் ஏற்றிக்கொண்டிருந்தபோது, மேஜையில் கிடந்த அந்த 4.7 இரண்டையும் காட்டி, “இது எவ்வளவுப்பா? எதுக்கும் இருக்கட்டுமே” என்று காசு கொடுத்து வாங்கிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார்.