மதுரையின் வாசற் பூட்டு

ராஜதானியைப் பார்க்கப் போகிறவர்கள் அதன் வாசலைக் கவனிப்பதில்லை. மதுரைக்குச் செல்வோர் மீனாட்சியம்மனைத் தரிசித்து, திருமலை நாயக்கர் மஹாலையும் சுற்றிப் பார்த்துவிட்டு ஊர் திரும்பி விடுகிறார்கள். வடக்கே சுமார் 60 கிலோ மீட்டர் தூரத்தில் இருக்கும் திண்டுக்கல்லை நினைப்பவர் சிலரே. நாமும் அவ்வூரைப் பலமுறை ரயில் ஜன்னல் வழியாகவே பார்த்துச் சென்றவர்கள்தாம். இம்முறை இறங்கியே பார்த்துவிடுவதென்று தீர்மானித்தோம்.

வைகைப் பாலத்தைக் கடந்து, சோழவந்தானின் தென்னந்தோப்புகளையும் வெற்றிலைக் கொடிக்கால்களையும் பின்னே விட்டு வண்டி விரைந்தது. பிறகு பூமியின் பசுமை குறைந்தது. வலப்புறத்தில் சிறுமலை நீண்டு கிடந்தது. அம்பாத்துரையை நெருங்கியபோது, டாக்டர் சௌந்தரமும் ஜி. ராமச்சந்திரனும் 1947-ஆம் வருஷத்தில் காந்திகிராமத்தை ஸ்தாபித்தது இப்பக்கத்தில்தான் என்பது நினைவுக்கு வந்தது. சற்று நேரத்தில், சமவெளியின் நடுவே யாரோ போட்டு வைத்த திண்டைப் போல் ஒரு பெரும்பாறை தென்பட்டது. ஊருக்குப் பெயர் கொடுத்த கல் அதுதான்.

பாறையில் வெட்டிய படிகளில் ஏறிக் கோட்டையை அடைந்தோம். 1605-ல் முத்துக்கிருஷ்ணப்ப நாயக்கர் கட்டத் தொடங்கிய கோட்டை இது. திருமலை நாயக்கர் இதை மேலும் பலப்படுத்தினார். மேலே நின்று பார்த்ததும் காரணம் தெளிவாயிற்று. ஒரு புறம் சிறுமலை, மறு புறம் பழனி மலைத்தொடர். இவற்றிற்கு இடையேயுள்ள வெளியில் மைசூர்ப் படை எது வந்தாலும் இந்தக் கல்லின் கண்ணுக்குத் தப்ப முடியாது. மதுரை அரண்மனை நிம்மதியாக உறங்குவதற்காக, இங்கே காவலர்கள் கண் விழித்திருந்தார்கள்.

1755-ல் ஹைதர் அலி இங்கே பவுஜ்தாராக வந்தார். ராஜ்யத்தை இழந்த சிவகங்கை ராணி வேலு நாச்சியாருக்கு இப்பிரதேசமே புகலிடமாயிற்று. அருகிலுள்ள விருப்பாட்சியில் தங்கிப் படை திரட்டினார் அந்த வீராங்கனை. 1790-ல் ஆங்கிலேயர் கோட்டையைப் பிடித்தனர். 1792-ல் ஸ்ரீரங்கப்பட்டண உடன்படிக்கையின்படி திண்டுக்கல் சீமையே அவர்கள் வசமாயிற்று. இன்று உச்சியிலுள்ள கோயிலின் கருவறையில் மூர்த்தி இல்லை. அபிராமியம்மன் கீழே ஊருக்குள் இருந்து அருள் பாலிக்கிறாள். காவலும் இல்லை, காக்கப்பட்ட ராஜ்யமும் இல்லை. காற்று மட்டும் இருக்கிறது.

கீழே இறங்கிப் பூட்டுப் பட்டறை ஒன்றைத் தேடிச் சென்றோம். திண்ணை அளவேயான இடம். அரத்தால் சாவியைத் தேய்த்துக்கொண்டிருந்த முதியவர், "வாங்க ஐயா, உட்காருங்க" என்று ஒரு மாங்காய்ப் பூட்டைக் கையில் கொடுத்தார். என்ன கனம்! உள்ளே பல லீவர்த் தகடுகள். சாவியின் ஒவ்வொரு பல்லும் தனக்குரிய தகட்டைச் சரியான உயரத்துக்குத் தூக்க வேண்டும். ஒன்று மயிரிழை பிசகினாலும் பூட்டு திறவாது. அளவு பார்ப்பது அவருடைய கண்ணும் விரலுந்தான்.

"உங்களுக்குப் பிறகு யார்?" என்று கேட்டோம்.

"பையன் மில்லுக்குப் போறானுங்க. மெஷின் பூட்டு வர்ற விலைக்கு, எனக்கு இரும்பே வாங்க முடியாது" என்றார், அரத்தை நிறுத்தாமலே.

திண்டுக்கல் பூட்டுக்கு 2019-ல் புவிசார் குறியீடு கிடைத்தது. பெயரை வேறெவரும் திருட முடியாதபடி சட்டம் பூட்டிவிட்டது, மகிழ்ச்சியே. ஆனால் தொழிலைக் கற்றுக்கொள்ள ஆள் வேண்டாமா? நாயக்கர் கோட்டையைக் காப்பாற்றத் தொல்பொருள் இலாகா இருக்கிறது. இந்தக் கிழவரின் விரல் நுனியில் உள்ள வித்தையைக் காப்பாற்ற, விலை கொடுத்து வாங்கும் நம் போன்ற குடும்பஸ்தர்களைத் தவிர வேறு யார் இருக்கிறார்கள்?

பேரம் பேசாமல் ஒரு பூட்டு வாங்கினோம். இப்போது அது நம் வீட்டு வாசலில் தொங்குகிறது. உள்ளே அப்படியொன்றும் பொக்கிஷம் இல்லை. பொக்கிஷம் வெளியேதான் தொங்குகிறது.